சிட்னியில் பூப் பார்க்கப் புறப்படுவோருக்கு: மண்ணின் மரங்களை மாதந்தோறும் அறிய ஒரு வழிகாட்டி

சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களிடம் இங்கே பூக்காலம் எப்போது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும். ஆகஸ்டில் ஆபர்ன் தாவரவியல் பூங்காவின் செர்ரிப் பூக்கள். நவம்பரில் தெருத்தெருவாக ஊதா விரிக்கும் ஜகரண்டா. இரண்டும் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் அந்தச் செர்ரி ஜப்பானிய மரம்; ஜகரண்டா தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டது. இந்த மண்ணுக்கே உரிய மரங்களும் செடிகளும் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்துக்கொண்டே இருக்கின்றன. பல ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் அவற்றை ஏறெடுத்துப் பாராதவர்கள் நம்மில் ஏராளம். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இதற்குப் பெரிய செலவு கிடையாது. தாவரவியல் படித்திருக்கவும் வேண்டியதில்லை.

முக்கியமான யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து எளிதில் போய்வரக்கூடிய ஒரு காட்டுப் பாதையைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை அதே பாதையில் நடங்கள். செப்டம்பரில் ஊர் முழுக்கச் சுற்றி வருவதைவிட இது பல மடங்கு கற்றுத்தரும். இங்குள்ள செடிகள் வசந்தத்துக்காகக் காத்திருப்பதில்லை. கடுங்குளிரான ஜூலையில், கருவேலத்தின் உறவான வாட்டில் மஞ்சளாகப் பொழியும். இலையுதிர்காலமான ஏப்ரலில், கதிர் கதிராகப் பூக்கும் பேங்க்சியா நிமிரும். கொளுத்தும் ஜனவரியில் யூகலிப்டஸ் சிவக்கும். ஒரே பாதைக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் இந்த மாற்றம் புலப்படும்.

ஏற்கெனவே தெரிந்த உறவுகளிலிருந்து தொடங்குங்கள்

ஆஸ்திரேலியத் தாவரங்கள் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. நீலகிரித் தைலம் தரும் யூகலிப்டஸை அறியாத தமிழ் வீடு உண்டா? அதன் குடும்பத்தில்தான் நாவல், கொய்யா, கிராம்பு எல்லாம் இருக்கின்றன. சிட்னியில் வேலியாக வளர்க்கும் லில்லிபில்லி, நாவலின் நெருங்கிய சொந்தம். இரண்டும் ஒரே பேரினம். அதன் பூவில் குஞ்சம்போல் நிற்கும் வெள்ளை மகரந்தத்தாள்களைப் பார்த்தால் நாவல் பூ நினைவுக்கு வரும்.

நீலகிரியிலும் வால்பாறையிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தோட்டங்களுக்கு நிழல் தரும் சில்வர் ஓக், நியூ சவுத் வேல்ஸின் வடகிழக்கிலும் குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கிலும் இயற்கையாக வளரும் மரம். தோட்டத்தில் அடிக்கடி கிளை கழிப்பதால் அது முழுமையாகப் பூத்து நிற்பதை அங்கே காண்பது அரிது. சிட்னித் தெருக்களில் அக்டோபர், நவம்பரில் அது பொன்னிறச் சீப்புகளாகப் பூத்து நிற்கிறது. கிளிகள் கூட்டமாக வந்து தேன் குடிக்கின்றன. ஹோம்புஷ் பக்கம் பரமட்டா ஆற்றோரம் நடந்தால் சவுக்கின் உறவான மரங்கள் வரிசையாக நிற்கும்.

வாட்டில் பூவையும் நீங்கள் முன்பே அறிவீர்கள். கருவேலத்தில் பூக்கும் அதே மஞ்சள் உருண்டைதான். இரண்டையும் அகேசியா என்ற ஒரே பேரினத்தில்தான் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு, அந்தப் பெயரை ஆஸ்திரேலிய இனங்களுக்கே உரியதாக்கியது. கருவேலம் வேறு பெயருக்கு மாறியது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் புல்வெளிகளை விழுங்கிவரும் சீகை மரங்கள் இங்கிருந்து போன வாட்டில்கள். அங்கே கேடு செய்யும் அதே மரத்தை, பறவைகளோடும் பூச்சிகளோடும் அதன் சொந்த மண்ணில் பார்ப்பது தனி அனுபவம்.

பூவில் எதைப் பார்ப்பது

ரோஜாவையும் செம்பருத்தியையும் பார்த்துப் பழகிய கண் இதழைத் தேடும். இங்கே பெரும்பாலான பூக்களுக்கு இதழ் முக்கியமில்லை. புதியவர்கள் "இங்கே பூவே இல்லை" என்று திரும்பிவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேமராவைவிட அது அதிகம் காட்டும்.

யூகலிப்டஸ் மொட்டுக்கு ஒரு மூடி உண்டு. இதழ்கள் ஒன்றாக இணைந்து உருவானது அது. பூ விரியும்போது மூடி கழன்று விழ, உள்ளே சுருண்டிருந்த மகரந்தத்தாள்கள் விரிந்து குஞ்சமாகும். நிறம் முழுவதும் அந்தத் தாள்களுடையது. மரத்தடியில் சிறு சிறு கூம்பு மூடிகள் சிதறிக் கிடந்தால் தலைக்கு மேலே பூத்திருக்கிறது என்று பொருள்; அண்ணாந்து பாருங்கள்.

வாட்டிலின் ஒவ்வோர் உருண்டையும் ஒரு பூ அல்ல, பல நுண்ணிய பூக்களின் திரள். பேங்க்சியாவின் நிமிர்ந்த கதிரில் நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரத்துக்கும் மேல், பூக்கள் இருக்கும். கதிரின் ஒரு பகுதியில் கம்பி போன்ற சூல்தண்டுகள் வளைந்தும் மறுபகுதியில் நிமிர்ந்தும் இருந்தால், பூ விரிந்துகொண்டிருக்கும் எல்லைக்கோடு அதுவே. அந்தச் சூல்தண்டின் நுனியில்தான் மகரந்தம் ஒட்டியிருக்கும். தேனுண்ண வரும் பறவையின் நெற்றியில் அது அப்பிக்கொள்கிறது. ஜேம்ஸ் குக்கின் கப்பலில் 1770இல் பாட்டனி விரிகுடாவுக்கு வந்த ஜோசப் பேங்க்ஸின் பெயரால் இந்த மரம் இப்போது அழைக்கப்படுகிறது. அதற்கு மிக நெடுங்காலம் முன்பிருந்தே பூர்வகுடி மக்கள் இதன் கதிரைத் தண்ணீரில் ஊறவைத்து இனிப்புப் பானமாகக் குடித்து வந்திருக்கிறார்கள்.

வெள்ளை ஃபிளானல் பூவைக் கண்டால் மெல்ல உற்றுப் பாருங்கள். இதழ்போல் தெரியும் மென்பட்டுத் துண்டுகள் பூவடிச் செதில்கள். உண்மையான பூக்கள் நடுவே நெருக்கமாக இருக்கின்றன. கொத்தமல்லியின் குடும்பம் இது. இளஞ்சிவப்பு நட்சத்திரங்களாகப் பூக்கும் போரோனியாவோ கறிவேப்பிலை, எலுமிச்சையின் குடும்பம்.

பட்டையையும் பூவோடு சேர்த்தே பாருங்கள். மணற்பாறை மேடுகளில் வளரும் ஆங்கோஃபரா, வசந்தத்தின் முடிவில் பழைய சாம்பல் பட்டையை உரித்துப்போட்டுச் செம்மஞ்சள் மேனியோடு நிற்கும். மழை நின்ற உடனே போனால் அந்த நிறம் இன்னும் ஆழமாகத் தெரியும். ஸ்கிரிப்ளி கம் என்ற யூகலிப்டஸின் வழவழப்பான பட்டையில் யாரோ பென்சிலால் கிறுக்கியதுபோல் கோடுகள் ஓடும். பட்டைக்குள் வாழ்ந்த அந்துப்பூச்சிப் புழுக்கள் தின்றுகொண்டே போன தடம் அது. குழந்தைகளைக் கூட்டிப்போனால் முதலில் இந்த மரத்தைக் காட்டுங்கள். தடம் எங்கே மெலிதாகத் தொடங்குகிறது, எங்கே தடிக்கிறது, எங்கே திரும்பி வருகிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

நிலம் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நிலத்துக்குப் பூவின் பெயரைச் சூட்டிய மரபு நம்முடையது. அந்தக் கண்ணோடு பார்த்தால் சிட்னியின் அமைப்பு விரைவில் விளங்கும். வடக்கிலும் தெற்கிலும் மேற்கு மலையிலும் மணற்பாறை. அதன் மண்ணில் சத்து மிகக் குறைவு, குறிப்பாகப் பாஸ்பரஸ். அந்த வறிய மண்ணில்தான் பேங்க்சியா, சில்வர் ஓக்கின் உறவான கிரெவில்லியா, பெரிய சிவப்புப் பூந்தலை கொண்ட வரட்டா, போரோனியா எல்லாம் செழிக்கின்றன. நம்மவர் நிறைய வாழும் டூங்காபி, வெண்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பகுதிகள் களிமண் நிலம். அங்கே இயல்பான காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது, மிச்சம் துண்டு துண்டாக இருக்கிறது. ஆகவே பூப் பார்க்க மணற்பாறைக்குப் போவதுதான் நல்லது.

மேற்குப் புறநகர்வாசிகளுக்குப் பக்கத்தில் இருப்பது பரமட்டா ஏரிக் காப்பகம். ஏரியைச் சுற்றிய பாதை மணற்பாறைக் காட்டின் வழியே போகிறது. மாதந்தோறும் போவதற்கு மிகவும் பொருத்தமான இடம். சிறு குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் செயின்ட் ஐவ்ஸில் உள்ள கூரிங்காய் காட்டுப்பூத் தோட்டத்துக்குப் போங்கள். குறுகிய நடைபாதைகள் உண்டு, நுழைவுக் கட்டணம் இல்லை.

காரில்லாதவர்களுக்கு ராயல் தேசியப் பூங்கா வரம். 1879இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்கு ரயிலிலேயே போகலாம். ஹீத்கோட், வாட்டர்ஃபால் நிலையங்களில் இறங்கினால் சற்றுத் தொலைவிலேயே நடைபாதை தொடங்கிவிடும். கடலோரப் புதர்க்காடு பார்க்க விரும்புவோர் படகில் மேன்லி போய் அங்கிருந்து நார்த் ஹெட் முனைக்குச் செல்லலாம். தென்மேற்கே மவுண்ட் ஆனனில் 1988இல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலியத் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே பேப்பர் டெய்சி என்ற காகிதப் பூக்கள் (நம்மூர் போகன்வில்லா அல்ல) வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பரந்து கிடக்கும். பெயர்ப்பலகைகள் இருப்பதால் காட்டுக்குப் போகும் முன் பெயர்களைப் பழகிக்கொள்ள உதவும்.

ஓர் இடத்தைத் தனியே சொல்ல வேண்டும். கோவன் அருகே உள்ள முவோகமரா இயற்கைக் காப்பகம், குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலுமாக ஆண்டுக்குச் சில வார இறுதிகளில் மட்டுமே திறந்திருக்கும். முன்பதிவு கட்டாயம். ஜூலையிலேயே தேதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் எது

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தது. பெர்த் பகுதியின் பூர்வகுடிகளான நூங்கார் மக்களும் ஆறாகவே பகுக்கிறார்கள்: பிராக், புனுரு, ஜெரன், மகுரு, ஜில்பா, கம்பராங். இந்த நிலத்தின் போக்குக்கு ஆறு பருவக் கணக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாதந்தோறும் நடக்கும்போது நீங்களே உணர்வீர்கள். கீழே இருப்பது சிட்னிக்கான கணக்கு. மழையையும் வெயிலையும் பொறுத்துச் சில வாரங்கள் முன்பின் ஆகும்.

ஜூலை, ஆகஸ்ட்: வாட்டில் காலம். குட்டமண்ட்ரா வாட்டில் முதலில் தெருக்களில் மஞ்சளாகும். அது நியூ சவுத் வேல்ஸின் தென்பகுதிக்கு உரியது. சிட்னிக் காடுகளில் களையாகவே கருதப்படுகிறது. காட்டுக்குள் நீண்ட கதிர்களாகப் பூப்பது சிட்னி கோல்டன் வாட்டில். நாட்டின் மலர்ச் சின்னமாக 1988இல் அறிவிக்கப்பட்ட கோல்டன் வாட்டில் வேறோர் இனம். செப்டம்பர் 1 தேசிய வாட்டில் நாள். வெயில் ஏறிய பிறகு மணம் நன்றாக எழும். வாட்டிலால் தும்மல் வருகிறது என்று பலர் சொல்வார்கள். அதன் மகரந்தம் கனமானது, காற்றில் அதிகம் பறக்காது, பெரும்பாலும் காரணம் புல்லின் மகரந்தம். இதே காலத்தில் போரோனியாவும் மஞ்சளும் சிவப்பும் கலந்த பட்டாணிக் குடும்பப் பூக்களும் பாதையோரம் தாழ்வாக மலரும்.

செப்டம்பர், அக்டோபர்: வரட்டா. 1962 முதல் நியூ சவுத் வேல்ஸின் மாநில மலர். குங்குமச் சிவப்பில், கையளவு பெரிய பூந்தலை. தொலைவிலிருந்தே கண்ணை இழுக்கும். அடித்தண்டில் தடித்த கிழங்கு போன்ற பகுதி இருப்பதால், தீயில் மேலே எல்லாம் எரிந்தாலும் மீண்டும் துளிர்க்கும். தீ நடந்து ஏறத்தாழ இரண்டாண்டில் மிகுதியாகப் பூக்கும். ராயல் தேசியப் பூங்காவில் முதலில் பாருங்கள், சிட்னிக்கு மேற்கே உள்ள, குளிர் அதிகமான நீலமலையில் (ப்ளூ மவுண்டன்ஸ்) சற்றுப் பிந்திப் பூக்கும். அங்கே மவுண்ட் டோமா தாவரவியல் தோட்டத்தில் உறுதியாகக் காணலாம். இதே காலத்தில் ஃபிளானல் பூக்களும் உண்டு. நான்கு மீட்டருக்கும் மேல் உயரும் தண்டின் உச்சியில் சிவந்த பூங்கொத்தைத் தாங்கும் கைமியா லில்லியும் உண்டு. கைமியா என்ற ரயில் நிலையம் இந்தச் செடியின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

தீ என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2019–20 பெருந்தீக்குப் பிறகு, 2021 தொடக்கத்தில், அரிய இளஞ்சிவப்பு ஃபிளானல் பூக்கள் நீலமலையில் கூட்டம் கூட்டமாகப் பூத்தன. விதைகள் மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கின்றன. கருகிய காட்டைப் பார்த்து "இங்கே இனி ஒன்றுமில்லை" என்று முடிவு செய்துவிடாதீர்கள். பாதை மீண்டும் திறக்கப்பட்டதும் அடுத்த வசந்தத்தில் அங்கேயே போங்கள்.

நவம்பர், டிசம்பர்: எல்லாரும் ஜகரண்டாவைப் படமெடுக்கும்போது நீங்கள் இலவாரா ஃபிளேம் மரத்தைத் தேடுங்கள். இலைகளை உதிர்த்துவிட்டுச் செம்பவளச் சிறு மணிகளாகக் கிளை முழுவதும் சிவந்து நிற்கும். சில ஆண்டுகளில் நன்றாகப் பூக்கும், சில ஆண்டுகளில் ஒரு கிளையோடு நின்றுவிடும். ஆங்கோஃபரா வெண்ணிறமாகப் பூப்பதும் இப்போதே. கிறிஸ்துமஸ் புஷ் முதலில் சிறு வெள்ளைப் பூக்களாகத் தொடங்கும். அவை உதிர்ந்த பின் புல்லி இதழ்கள் பெரிதாகிச் சிவக்கும். டிசம்பரில் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கும் "சிவப்புப் பூ" அந்தப் புல்லி இதழ்கள்தான்.

ஜனவரி, பிப்ரவரி: வெயில் கடுமை. காலை எட்டு மணிக்குள் நடந்துவிட்டுத் திரும்புங்கள், அல்லது தெருமரங்களோடு நிறைவடையுங்கள். ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும் ரெட் ஃபிளவரிங் கம், மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே உரியது. இப்போது நாடெங்கும் தெருக்களில் நிற்கிறது. முண்டும் முடிச்சுமான பட்டை கொண்ட ஓல்ட் மேன் பேங்க்சியா காட்டில் பூக்கும்.

மார்ச் முதல் ஜூன் வரை: இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ஹீத் பேங்க்சியா செம்மஞ்சள் கதிர்களோடு மேட்டுநிலப் புதர்க்காட்டை நிறைக்கும் காலம். வேறு பூ குறைந்த நேரம் என்பதால் தேனுண்ணும் பறவைகள் அத்தனையும் அதைச் சுற்றியே இருக்கும். பூவையும் பறவையையும் சேர்த்துக் காண இதைவிட நல்ல பருவம் எனக்குத் தெரிந்து இல்லை. குளிர் தொடங்கியதும் ஸ்பாட்டட் கம் பூக்கும், லில்லிபில்லி பழுக்கும்.

புறப்படும் முன்

தேசியப் பூங்காவில் பூவோ இலையோ விதையோ பறிப்பது சட்டப்படி குற்றம். பூஜைக்கு நான்கு பூ என்று நம் கை தானாகவே நீளும். அதைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும். நாயை அழைத்துப் போகவும் அனுமதி இல்லை. தீ எச்சரிக்கை நாளில் பூங்காக்கள் மூடப்படலாம், ஆகவே கிளம்பும் காலையிலேயே பூங்கா இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதையின் தொடக்கத்தில் காலணியைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் தூரிகை இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் சேற்றோடு ஒட்டி வந்து வேரை அழுகச் செய்கிறது. பேங்க்சியாவும் வரட்டாவும் அதற்கு எளிதில் பலியாகின்றன. பாதையை விட்டு விலகாதீர்கள். பாம்புகள் வசந்தத்தில் வெயில் காய வரும். உண்ணிகள் புதரிலிருந்து ஒட்டிக்கொள்ளும். வீடு திரும்பியதும் காதுக்குப் பின்னும் தலைமுடிக்குள்ளும் தேடிப் பாருங்கள், குழந்தைகளுக்கு இன்னும் கவனமாக. காற்று பலமாக அடிக்கும் நாளில் பெரிய யூகலிப்டஸின் கீழே அமர்ந்து சாப்பிட வேண்டாம், கிளை முறிந்து விழும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மாக்பை பறவைகள் கூட்டைக் காக்கத் தலையை நோக்கிப் பாயும். அகலமான தொப்பி உதவும். தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அவசர எண் 000.

பெயர் தெரியாத செடியை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் பதிவிட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பூவை மட்டும் படமெடுத்தால் போதாது. முழுச் செடி, இலையின் இருபக்கம், காய், மரமானால் பட்டை என எல்லாவற்றையும் எடுங்கள். யூகலிப்டஸுக்குக் காயும் மொட்டும் இல்லாமல் பெயர் சொல்வது நிபுணருக்கே கடினம். அதன் உறவுகளையும் சேர்த்து 800க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன.

சிட்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு

கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியத் தாவரவியல் தோட்டம் முழுக்க முழுக்க இந்நாட்டுச் செடிகளுக்கே உரியது. மெல்பர்ன்வாசிகளுக்குக் கிரான்போர்ன் தோட்டம் இருக்கிறது. பெர்த்தில் இருப்பவர்களைக் கண்டு நான் பொறாமைப்படுகிறேன். நகர நடுவிலேயே கிங்ஸ் பார்க், செப்டம்பரில் கங்காரு பா பூக்களோடு. அந்த மாநிலத்தில் பூப்பு ஜூலை வாக்கில் வடக்கே தொடங்கி, செப்டம்பரில் பெர்த்தை எட்டி, அக்டோபர், நவம்பரில் தென்கடலோரம் முடியும். பூவைத் தொடர்ந்து காரில் தெற்கு நோக்கியே பயணம் செய்யலாம். குளிர்கால மழை நன்றாகப் பெய்த ஆண்டா என்று பார்த்துத் திட்டமிடுங்கள். உள்நாட்டுச் சமவெளியின் காகிதப் பூக்கள் அந்த மழையை நம்பித்தான் இருக்கின்றன.

வீட்டில் வளர்க்க

பூஜைக்கும் பார்வைக்கும் வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பேங்க்சியா, கிரெவில்லியா, வரட்டாவுக்குக் கோழி எருவையோ சாதாரண உரத்தையோ போடாதீர்கள். பாஸ்பரஸ் மிகக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய வேர் அவற்றுக்கு. அன்போடு போடும் எருவே செடியைக் கொன்றுவிடும். கடையில் "நேட்டிவ்" என்று குறித்த உரத்தை, அதுவும் சிறிதளவே இடுங்கள். களிமண் வீடுகளுக்குப் பாட்டில்பிரஷ், வெஸ்ட்ரிஞ்சியா, லில்லிபில்லி எளிது. வரட்டா அங்கே திணறும். அடுக்குமாடி பால்கனிக்குக் காகிதப் பூவும் கொரியா (Correa) என்ற செடியும் போதும். சிலருக்குக் கிரெவில்லியா பட்டால் தோல் அரிக்கும், கையுறை போட்டுக் கத்தரியுங்கள். சில நகராட்சிகள் குடியிருப்போருக்கு உள்ளூர் நாற்றுகளை இலவசமாகத் தருகின்றன. உங்கள் நகராட்சியில் விசாரியுங்கள். வெயில் தணிந்த ஏப்ரல், மே மாதங்களில் சிறிய நாற்றாக வாங்கி நடுங்கள். பெரிய தொட்டிச் செடியைவிட அது விரைவில் வேர்பிடிக்கும். முதல் கோடை முழுவதும் விடாமல் தண்ணீர் ஊற்றினால், அடுத்த கோடையை அது பெரும்பாலும் தானே சமாளித்துக்கொள்ளும்.